பிடிமண் வந்த வழி

அம்மாயி தன் பிறந்த ஊரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "பழைய ஊரு" என்பாள், அவ்வளவுதான். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், "எங்க ஊட்டு மேல இப்பப் பரிசல் ஓடுது கண்ணு" என்பாள். மேட்டூர் அணை திறக்கப்பட்ட 1934இல் அவளுக்கு ஏழோ எட்டோ வயது. அவள் போய்ச் சேர்ந்து, கருமாதி முடிந்த அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான், அந்த ஊரின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்பது உறைத்தது. பழைய ஆவணங்களைப் படிப்பது என் தொழில். அடுத்தவர் குடும்பங்களுக்கு நிலப்பத்திரமும் வம்சாவளியும் தேடிக் கொடுத்திருக்கிறேன். அம்மாயி உயிரோடு இருந்தபோது ஒரு தாளும் பேனாவுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அந்த வருத்தத்தில் தொடங்கிய தேடல் ஆறு ஆண்டுகள் நீண்டது.

கையில் இருந்தவை அவள் வாயிலிருந்து எப்போதோ விழுந்த சில துணுக்குகள். காலையில் வாசல் தெளிக்கும்போது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து சூரியன் கிளம்பும் என்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மணி கேட்கும் என்பாள். அவள் அப்பன் சொந்த நிலமில்லாமல் வாரத்துக்கு உழுதவர். ஊரைக் காலிசெய்த அன்று, சாமி இருந்த இடத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துத் துண்டில் முடிந்து, மடியில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தாராம். பெண்டுகள் சட்டிபானையோடு பின்னால் நடந்தார்களாம். அந்த மண்ணை எங்கே இறக்கினார் என்பது அவள் நினைவில் இல்லை. கொஞ்ச காலத்தில் அவளை இடைப்பாடிப் பக்கம் மாமன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் பிறந்த வீடு என்று எங்கேயும் போனதில்லை.

மேட்டூர் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. எனவே சேலத்தில் தொடங்கினேன். லெ ஃபானு 1883இல் தொகுத்த சேலம் ஜில்லா மானுவல், ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வெளிவந்த கெசட்டியர், பழைய தாலுகா ஊர்ப் பட்டியல்கள். ஆற்றோரம் இருந்த ஊர்ப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் இன்றைய பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். காணாமல் போன பெயர் ஒன்று கிடைத்தால் அன்று தூக்கம் வராது. மறுநாள் அது வேறு எழுத்துக்கூட்டலில் வேறொரு பக்கத்தில் உயிரோடு இருக்கும். இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

பிறகு ஒரு மார்கழி விடியலில் நாகமரைத் துறையில் படகுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்க்கரையில் பண்ணவாடி. நடுவில் அகன்று கிடந்த தண்ணீர். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் எழுந்தது. எதிர்க்கரைதான் முதலில் மஞ்சளானது. நான் நின்றது கிழக்குக் கரை. அம்மாயி பார்த்தது போல ஆற்றுக்கு அப்பாலிருந்து சூரியன் வர வேண்டுமென்றால் மேற்குக் கரையில் நிற்க வேண்டும். அன்றைய காவிரி இரண்டு ஜில்லாக்களுக்கு எல்லையாக ஓடியது. கிழக்குக் கரை சேலம். மேற்குக் கரை கோயமுத்தூர் ஜில்லா, பவானி தாலுகா; பின்னாளில்தான் அது சேலத்தோடு சேர்ந்தது. நான் இரண்டு ஆண்டுகளாகத் தவறான ஜில்லாவின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இன்றைய மாவட்ட எல்லையை நூறு வருஷத்துக்கு முந்தைய தாளின் மேல் வைத்துப் படிப்பது இந்தத் தொழிலில் ஆகக் கூடாத தப்பு.

கோயமுத்தூர் பக்கம் திரும்பியதும் ஆற்றங்கரை உயிர்பெற ஆரம்பித்தது. நிக்கல்சன் 1887இல் வெளியிட்ட கோயமுத்தூர் மானுவல் இருந்தது. அதற்கும் முன்னால், திப்பு வீழ்ந்த மறுவருடமான 1800இல் பிரான்சிஸ் புக்கானன் மைசூர் மலையிலிருந்து காவேரிபுரம் கணவாய் வழியாக இந்தக் கரைக்கு இறங்கி, கண்டதையெல்லாம் எழுதிவைத்திருந்தார். காவேரிபுரம் கோட்டையைக் கட்டியவர் கெட்டி முதலி என்று அங்கே சொல்லக் கேட்டுக் குறித்திருக்கிறார். தாரமங்கலத்துக் கெட்டி முதலிகள் மைசூர்க் கணவாயின் வாயைக் காவேரிபுரத்திலிருந்து காத்தவர்கள். மலை இறங்கும் வழியும் ஆறு கடக்கும் துறைகளும் சேரும் இடம் என்பதால் படையும் பொதிமாடும் ஓயாமல் நடந்த கரை இது. அணை நீரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இது ஆள்நடமாட்டமில்லாத காட்டுப் பள்ளத்தாக்காக இருந்திருக்கும் என்ற எண்ணம் எப்படியோ பதிந்திருந்தது. அது சரியில்லை என்று புக்கானன் வழியாகத் தெரிந்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

இந்தப் பள்ளத்தாக்கு நீர்த்தேக்கமானது ஒரு நாளில் நடந்ததல்ல. கர்னல் எல்லிஸ் 1910இல் திட்டம் தயாரித்தார். மைசூர் எதிர்த்தது, வழக்கும் வாதமும் 1924 பிப்ரவரி 18இல் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தன. சென்னை மாகாணம் மேட்டூரில் 93,500 மில்லியன் கனஅடி தேக்கிக்கொள்ளலாம். அதைக் கொண்டு புதிதாக 3,01,000 ஏக்கர் பாசனம் செய்துகொள்ளலாம். 1925 ஜூலை 20இல் வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21இல் ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்தார். தேக்கத்துக்கு ஸ்டான்லியின் பெயர், உபரிநீர் போகும் பதினாறு கண் மதகுக்கு எல்லிஸின் பெயர். 5,300 அடி நீளச் சுவருக்குப் பின்னால், நிரம்பினால் 59 சதுர மைலுக்கு மேல் தண்ணீர் பரவும். ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தேன். எத்தனை கனஅடி, எந்த மாதம், எவ்வளவு ஏக்கர் என்று அது துல்லியமாகப் பேசுகிறது. அந்த 59 சதுர மைலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்த வீடுகளைத் தேடித்தான் ஒவ்வொரு முறையும் படித்தேன்.

தண்ணீர் போய்ச் சேர்ந்தது தஞ்சைக்கு. புதிதாக வெட்டிய கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைச் சீமையை நனைத்தது. அந்த நெல்லைத் தின்று வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். அணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அணையை ஒட்டிய சேலம், கோயமுத்தூர் மேட்டுநிலத்துக்குக் கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்கள் வந்தது 1950களில்தான். வீட்டை விட்டு மேடேறியவர்கள் இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு வானம் பார்த்த பூமியில் உழுதிருக்கிறார்கள்.

அடுத்த நிறுத்தம் எழும்பூர். 1909இல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடத்தில் சென்னை மாகாணத்தின் காகிதங்கள் உறங்குகின்றன. சீட்டு எழுதிக் கொடுத்தால் துணியில் கட்டிய கட்டு வரும்; சில நாள் "கட்டு இல்லை" என்ற பதில் மட்டும் வரும். பொதுப்பணித்துறை ஆணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழ். நான் தேடியது நிலம் எடுத்த அறிவிப்புகளை. 1894ஆம் வருட நில எடுப்புச் சட்டத்தில் இதற்கு ஒரு படிவரிசை உண்டு. 4ஆம் பிரிவில் முதல் அறிவிப்பு, 6ஆம் பிரிவில் உறுதி அறிவிப்பு, 9ஆம் பிரிவில் உரிமைக்காரர்களுக்கு நோட்டீசு, 11ஆம் பிரிவில் தீர்ப்பு. சந்தை விலைக்கு மேல் நூற்றுக்கு 15, கட்டாயமாக எடுப்பதற்காக. அறிவிப்பில் சர்வே எண் இருக்கும். நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று இருக்கும். பட்டாதாரர் பெயர், ஏக்கர், சென்ட் இருக்கும். ஒரு புளியமரத்தின் நிழல் விழும் இடத்தைக்கூட விட்டுவிடாத கணக்கு.

பூட்டன் பெயர் எனக்குத் தெரியும். நான் புரட்டிய பக்கங்களில் அது இல்லை. முதலில் ஊர் தவறு என்று நினைத்தேன். வாரக் கணக்கில் புரட்டிய பிறகுதான் புரிந்தது: சரியான ஊரின் பக்கமே கையில் விரிந்திருந்தாலும் அவர் அதில் இருக்க மாட்டார். வாரம் என்பது வாய்ப்பேச்சு. களத்தில் பாதி உனக்கு, பாதி எனக்கு. அதற்குத் தாள் கிடையாது. பரிசல் ஓட்டியவர், மீன் பிடித்தவர், பண்ணையாள், குயவர், வண்ணார், நாவிதர், புறம்போக்கில் குடிசை போட்டவர் யாருக்கும் பட்டா இல்லை. ஆகவே பத்தியும் இல்லை. இழப்பீட்டில் உரிமை கோருபவர் எவரும் வரலாம் என்பது போலத்தான் சட்டத்தின் வாசகம். எழுதப் படிக்கத் தெரியாத, தாளில்லாத ஒருவர் துணை கலெக்டர் முன்னால் எதைக் காட்டி உரிமை கோருவார்? குத்தகைதாரரையும் கூலிக்காரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று நில எடுப்புச் சட்டமே எண்ணத் தொடங்கியது 2013இல் வந்த புதுச் சட்டத்தில்தான். இடையில் 119 வருஷங்கள். உலக அணைகள் ஆணையம் 2000இல் தன் அறிக்கையில், பெரிய அணைகளால் உலகெங்கும் இடம்பெயர்ந்தவர்கள் 4 கோடி முதல் 8 கோடி வரை இருக்கலாம் என்றது. நாலு கோடிக்கும் எட்டு கோடிக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளம் எப்படி விழுந்தது என்று யாராவது கேட்டால், எழும்பூரில் பார்த்த அந்தப் பக்கங்களைத்தான் காட்டுவேன்.

நிலக்கணக்கில் இல்லாதவர் ஆள்கணக்கில் இருந்தாக வேண்டும். குடிக்கணக்கைப் பிடித்தேன். 1921இல் இருந்து, 1941இல் இல்லாமல் போன மேற்குக் கரை ஊர்களைக் கண்டால் போதும், வட்டம் சுருங்கிவிடும். 1931 கணக்கு உதவாது. அப்போது அணை வேலைக்கு வந்த கூலியாட்கள் மேட்டூரில் குவிந்திருந்தார்கள், எண்ணிக்கை குழம்பிக் கிடக்கும். ஆனால் 1941 கணக்கு யுத்தத்தில் மாட்டிக்கொண்டது. ஆளை எண்ணினார்கள், செலவைக் குறைக்க அட்டவணைகளைச் சுருக்கிவிட்டார்கள். சென்னை மாகாணத்தின் 1931 கணக்கை நடத்திய யீட்ஸ்தான் 1941இல் இந்தியா முழுமைக்கும் ஆணையர். மேட்டூர் நிரம்பிய பிறகு வந்த முதல் கணக்கு நான் கேட்ட கேள்விக்கு வாய் திறக்கவில்லை. அடுத்தது 1951. பதினேழு வருஷத்தில் மேடேறியவர்கள் எங்கெங்கோ கரைந்துவிட்டிருந்தார்கள்.

எஞ்சியது மணியோசை. அணையின் நீர்மட்டம் 80 அடியை ஒட்டி இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கிறித்தவ ஆலயத்தின் கோபுரம் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. கோடையில் பத்திரிகைகள் தவறாமல் படம் போடும். மக்கள் கூட்டமாக வந்து பார்த்துவிட்டு மீன் வறுவல் தின்று திரும்புவார்கள். நானும் பலமுறை அப்படிப் போனவன்தான். இந்த முறை அந்தக் கோபுரத்தை நடுவாக வைத்து, மணி கேட்கும் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டேன். அணைக்கு முந்தைய ஓர் அங்குல நில அளவைப் படத்தில் அந்த வட்டத்துக்குள், மேற்குக் கரையில், சில ஊர்ப் புள்ளிகள் விழுந்தன.

நீர் வற்றும்போது கருங்கல் மட்டுமே வெளியே வருகிறது என்பதையும் அன்றுதான் நின்று கவனித்தேன். பவானிசாகரில் தண்ணீர் குறைந்தால் தெரிவது டணாயக்கன் கோட்டை மாதவப் பெருமாள் கோயில். கிருஷ்ணராஜசாகரில் வறட்சிக் காலத்தில் தெரிந்தது கன்னம்பாடி வேணுகோபாலர் கோயில். மண்சுவரும் கூரையுமாக இருந்த வீடுகள் முதல் வருஷத் தண்ணீரிலேயே கரைந்திருக்கும். பூட்டன் வீடு அப்படிப்பட்டதுதான்.

கன்னம்பாடிக்காரர்கள் மேடேறிக் குடியமர்ந்த இடத்துக்கு ஹொச கன்னம்பாடி என்று பெயர். ஹொச என்றால் புது. நம் பக்கமும் அந்த வழக்கம் உண்டு. மேட்டூரை அடுத்துப் புதுச்சாம்பள்ளி இருக்கிறது; நீரில் போனது சாம்பள்ளி. ஊரை விட்டவர்கள் ஊர்ப் பெயரை விடவில்லை. அணையின் மேற்கு ஓரத்தில், கொளத்தூரைச் சுற்றிய மேடுகளில், பேருந்தில் போனால் பெயர்ப்பலகை இல்லாத, கேட்டால் மட்டுமே பெயர் சொல்லும் குடியிருப்புகளுக்கு ஒவ்வொன்றாக நடந்தேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: உங்க சாமி எப்படிங்க இங்க வந்துச்சு?

எல்லா இடத்திலும் ஒரே பதில்: "பிடிமண்ணு எடுத்தாந்து வெச்சதுங்க."

அடையாளம் என்று நான் நம்பியது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. மனசு விட்டுப்போன நாட்கள் அவை. ஆனால் அந்த நடையில்தான் வேறொன்றைப் பார்த்தேன். தண்ணீர் பின்வாங்கிய சேற்றில் எள்ளும் சோளமும் கம்பும் நிலக்கடலையும் விதைத்திருந்தார்கள். வரப்பு இல்லை, கல் இல்லை. ஆனாலும் இவர் நிலம் இங்கே முடிகிறது, அவர் நிலம் அங்கே தொடங்குகிறது என்பதில் சச்சரவு இல்லை. "எங்கப்பாரு காட்டுன இடமுங்க" என்றார் ஒருவர். சர்க்கார் நிலமாகித் தொண்ணூறு வருஷம் ஆகிறது. தண்ணீர் இறங்கும் வருஷங்களில் மட்டும் அந்த ஊர் தன் பழைய எல்லைகளோடு திரும்பி வருகிறது. இந்த விதைப்புக்கு எந்த நாளும் தடை வரலாம் என்பதால்தான், பிறகு எனக்குத் தெரியவந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை.

அந்த ஊரில் வேப்பமரத்தடியில் ஒரு அம்மன். தகரக் கொட்டகை. பூசாரி எண்பதைத் தாண்டியவர். பிடிமண் கதையைச் சொல்லிவிட்டு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார்: "மண்ணு எடுத்தாரது பூசாரி வழிதாங்க. ஆனா அன்னிக்கு எங்க அப்பாருக்குக் காய்ச்சல். கட்டுல்ல வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. வாரத்துக்கு உழுத ஒருத்தரு குளிச்சுட்டு வந்து, நான் கட்டிக்கறேன்னு மடியில கட்டிக்கிட்டாருன்னு சொல்லுவாரு."

பெயர் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "நோட்டுல இருக்கும் தம்பி" என்று உள்ளே போனார்.

வந்தது தலைக்கட்டு வரி நோட்டு. நோம்பிக்கு ஊரார் வரி போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கல்யாணம் ஆன ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. பண்ணையக்காரருக்கும் ஒரு வரி, அவர் நிலத்தை உழுபவருக்கும் ஒரு வரி. நிலம் இருக்கிறதா என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. சர்க்கார் படிவத்தில் இல்லாமல் போன பத்தி இங்கே இருந்தது. எண்ணெய் ஏறிப் பழுப்பான தாள், தமிழ் எண்களில் ரூபாய், அணா. மேடேறி முதல் நோம்பி போட்ட வருஷத்தின் பக்கத்தில், பதினேழாவது வரியில், பூட்டன் பெயர். அம்மாயி சொல்லும் அதே பட்டப்பெயரோடு. வரி கட்டியாயிற்று என்பதற்கு ஒரு கோடு.

அடுத்த வருஷப் பக்கத்திலும் அதே பெயர், அதே கோடு. அதற்கடுத்த வருஷம் அவர் பெயர் இல்லை. அந்த இடத்தில் பூட்டியின் பெயர், பக்கத்தில் அரை வரி. தாலி அறுத்த பெண்ணுக்குப் பாதி வரிதான் போடுவார்கள். அதற்கும் அடுத்த வருஷம் அந்த வரியே இல்லை. அம்மாயியை இடைப்பாடிக்குக் கொண்டுபோய் விட்டது ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. புதுமேட்டுக்கு வந்த மூன்றாம் வருஷத்துக்குள் அவள் அப்பன் இறந்திருக்கிறார். எதனால் என்று நோட்டு சொல்லவில்லை. பூசாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

திரும்பும் வழியில் நோட்டின் படங்களை மறுபடி பார்த்தேன். ஊரின் ஒரு பகுதி அதில் இல்லை. வடக்குத் தெரு, தெற்குத் தெரு, குடித்தெரு என்று தலைப்புகள் இருந்தன. சேரிக்குத் தலைப்பு இல்லை. அவர்களிடம் ஊர் வரி வாங்குவதில்லை. அவர்கள் சாமி கும்பிட அந்தக் கொட்டகைக்கு வர முடியாது. என் பூட்டனை விட்டுவிட்ட சர்க்கார் கணக்கைக் குறை சொல்லிக்கொண்டு வந்த எனக்கு, பூட்டனைச் சேர்த்துக்கொண்ட ஊர்க்கணக்கும் அதேபோல ஒரு பத்தியை விட்டிருக்கிறது என்பது சட்டென்று தைத்தது. பூட்டனும் அந்தக் கணக்குக்கு உள்ளே நின்றவர்தான்.

மறுவாரம் காலனிக்குப் போனேன். அணைமேட்டில் கல்லும் கற்றாழையுமாக இருக்கும் சரிவில் அறுபது எழுபது வீடுகள். ஒரு மூதாட்டி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவர் அம்மா பழைய ஊரில் பிறந்தவர். அவர்களும் பிடிமண் எடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் சாமி ஓடைக்கரையில் மூன்று கல்லாக இருக்கிறது. நோட்டு கிடையாது. யார் யார் வந்தார்கள் என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறதா ஆயா என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? வரிசையாச் சொல்லுவேன். எழுதறியா சாமி?" என்றார்.

கடைத்தெருவுக்குப் போய் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவந்து, அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். கீரையை முறத்தில் தள்ளி வைத்துவிட்டு அவர் முதல் பெயரைச் சொன்னார். அது ஒரு பெண்ணின் பெயர். 1 என்று இலக்கமிட்டு எழுதிக்கொண்டேன்.